ரெட்ஃபால் கேமை ஏன் அத்தனை பேரும் திட்டினார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரிச்சி ஸ்ட்ரீட்டில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுப்பது என் வேலை. கேபினட்டை மூடுவதற்கு முன்னால் "ஒரு கேம் ஓட்டிக் காட்டுங்கண்ணா" என்பார்கள். கிராஃபிக்ஸ் கார்டின் விசிறி சுற்றத் தொடங்கியதும் பேச்சும் தொடங்கிவிடும். 2023 மே 2 அன்று ரெட்ஃபால் வெளிவந்ததிலிருந்து அந்தப் பேச்சில் இந்த கேம் தவறாமல் வந்து நிற்கிறது. விளையாடியவர்கள் கேட்பது ஒரு ரகம். யூடியூபில் அது திட்டு வாங்குவதை மட்டும் பார்த்தவர்கள் கேட்பது இன்னொரு ரகம். பையனோடு வரும் அப்பாக்கள் கேட்பது வேறு. திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

ரெட்ஃபால் எந்த மாதிரி கேம்?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ரெட்ஃபால் என்று ஒரு கற்பனைத் தீவு நகரம். ரத்தம் குடிக்கும் காட்டேரிகள் சூரியனை மறைத்துவிட்டு, கடலையே ஊரைச் சுற்றி மதில்போல நிறுத்தி வைத்துவிடுகின்றன. உள்ளே மாட்டிக்கொண்ட நான்கு பேரில் ஒருவராக நாம் ஆட வேண்டும். லைலா மனசக்தியால் ஆளைத் தூக்கி எறிவாள். ஜேக்கப் தூரத்திலிருந்து சுடுபவன், தோளில் ஒரு காக்கை. ரெமியோடு ஒரு குட்டி ரோபோ வரும். தேவிந்தர் இருந்த இடத்திலிருந்து மறைந்து வேறு இடத்தில் தோன்றுவான். (பெயரைப் பார்த்ததுமே நம் பசங்க பாதிப் பேர் அவனைத்தான் எடுப்பார்கள்.) காட்டேரியைச் சுட்டுச் சாய்த்தால் மட்டும் போதாது, கூரான கட்டையை நெஞ்சில் இறக்கினால்தான் கதை முடியும். புறஊதா ஒளியைப் பாய்ச்சிக் கல்லாக்கி உடைக்கவும் செய்யலாம்.

தனியாகவும் ஆடலாம், நான்கு பேர் வரை சேர்ந்தும் ஆடலாம். உருவாக்கியது ஆர்கேன் ஆஸ்டின் ஸ்டூடியோ, வெளியிட்டது பெதஸ்டா. பெதஸ்டாவின் தாய் நிறுவனமான செனிமேக்ஸை 2021 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் வாங்கி முடித்திருந்தது.

எத்தனை மார்க் வாங்கியது?

கேம் விமர்சனத் தளமான ஐஜிஎன் பத்துக்கு 4 கொடுத்தது. கேம்ஸ்பாட்டும் 4. எல்லா விமர்சனங்களையும் கூட்டிச் சராசரி போடும் மெட்டாகிரிட்டிக்கில் நூற்றுக்கு ஐம்பத்தைந்தை ஒட்டி நின்றது. கம்ப்யூட்டர் கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் காசு கொடுத்து வாங்கியவர்களின் கருத்து 'பெரும்பாலும் எதிர்மறை'.

ஐம்பதுக்கு மேல் வாங்கினால் பாஸ்தானே சார்?

இதைக் கேட்டது ஓர் அப்பா. நம் ஊர்க் கணக்கில் அவர் கேட்டது சரிதான். பத்தாம் வகுப்பில் 35 எடுத்தால் பாஸ், 55 எடுத்த பையனுக்கு வீட்டில் திட்டு விழுந்தாலும் பிளஸ் ஒன்னில் இடம் கிடைத்துவிடும்.

கேம் விமர்சனத்தில் கணக்கே வேறு. பெரிய நிறுவனம் பல கோடி செலவழித்துச் செய்த கேம் சாதாரணமாகவே 70-இல் தொடங்கும். மெட்டாகிரிட்டிக்கில் 75-ஐத் தொட்டால்தான் பச்சை நிறம். 50 முதல் 74 வரை மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு. அந்தக் கணக்கில் ரெட்ஃபாலுக்குக் கிடைத்தது மஞ்சள், அதாவது 'கலவையான வரவேற்பு'. பெயர்தான் கலவை. எழுபது டாலர் விலை வைத்த கேம் மஞ்சளின் அடிமட்டத்தில் நிற்பது என்றால், நம் பாஷையில் அது பொதுத்தேர்வில் மூன்று பாடத்தில் அரியர் வைத்த மாதிரி.

எண்ணைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. வழக்கமாக ஒரு கேமுக்கு ஒருவர் 9 கொடுப்பார், ஒருவர் 5 கொடுப்பார், இருவரும் வேறு வேறு கேம் ஆடினார்களோ என்று தோன்றும். இங்கே அப்படி இல்லை. அதிக மார்க் போட்டவரும் குறைவாகப் போட்டவரும் ஒரே குறைகளைத்தான் எழுதினார்கள். மன்னிப்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம்.

அப்படி என்னதான் குறை சொன்னார்கள்?

முதல் குறை, எதிரிகளுக்கு மூளை இல்லை. ஒரு காட்டேரி கதவு மூலையில் மாட்டிக்கொண்டு அங்கேயே நிற்கும். காட்டேரிகளைக் கும்பிடும் மதவெறிக் கும்பல் ஆட்கள் நாலடி தூரத்தில் நாம் நிற்பதைக் கவனிக்க மாட்டார்கள், கவனித்தாலும் வெட்டவெளியில் நின்று குண்டு வாங்குவார்கள். வெளியான வாரத்தில் இந்தக் காட்சிகள்தான் சின்னச் சின்ன வீடியோக்களாகச் சுற்றின. பயமுறுத்த வேண்டிய பேய் சிரிப்பு மூட்டினால் பேய்க்கதையில் மிச்சம் என்ன இருக்கிறது?

இரண்டாவது, ஊர் காலி. இது 'திறந்த உலகம்', அதாவது இஷ்டம்போல் சுற்றலாம் என்று சொல்லி விற்கப்பட்ட கேம். கூடுவாஞ்சேரியைத் தாண்டிப் போனால் ரோட்டோரம் பார்த்திருப்பீர்கள். பெரிய ஆர்ச், வண்ணக் கொடிகள், உள்ளே தார் ரோடு, தெருவுக்குத் தெரு பெயர்ப் பலகை, நட்டு வைத்த கல். வீடு மட்டும் இருக்காது. ரெட்ஃபாலின் வரைபடங்களைப் பற்றி விமர்சகர்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு அந்த மனைப்பிரிவுகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. பார்க்க அழகான இலையுதிர்காலத் தெருக்கள், ஆனால் நடந்துகொண்டே இருக்கலாம், ஒன்றும் நடக்காது.

மூன்றாவது, கதை சொன்ன விதம். முக்கியமான கட்டங்களில்கூட ஆள் நடித்துக் காட்டுகிற காட்சி கிடையாது. அசையாத படங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டிப் பின்னால் குரல் கொடுத்துவிட்டார்கள். செலவைக் குறைத்திருக்கிறார்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது.

அப்புறம், துப்பாக்கி பொறுக்கும் முறை. கீழே கிடக்கும் துப்பாக்கிகளுக்கு நிறமும் லெவலும் வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒன்றைத் தூக்கிப்போட்டு இன்னொன்றை எடுக்கச் சொல்லும். எடுத்தது முன்பு வைத்திருந்ததைவிடக் கொஞ்சம் கூட அடிக்கும், அவ்வளவுதான். ஒரு துப்பாக்கிமேல் ஒட்டுதல் வருவதற்குள் அது குப்பைக்குப் போய்விடும். வேலைகளும் அதேபோல: ஒரு வீட்டுக்குப் போ, ஒரு பொருளை எடு, திரும்பி வா.

பிழைகள் இருந்தன, நிறையவே. ஆனால் நல்ல விமர்சனங்கள் பிழைகளில் நேரம் செலவழிக்கவில்லை. பிழையெல்லாம் போனாலும் இந்த கேம் இப்படித்தான் இருக்கும் என்பதுதான் அவர்கள் சொல்ல வந்தது.

இதைவிட மோசமான கேம்கள் எத்தனையோ வருகின்றன. இதற்கு மட்டும் ஏன் இத்தனை கோபம்?

செய்த கை அப்படி. ஆர்கேன் என்ற பெயருக்கு ஒரு மரியாதை உண்டு. 1999-இல் பிரான்ஸின் லியோன் நகரில் தொடங்கிய நிறுவனம், பிறகு டெக்ஸாஸின் ஆஸ்டினில் ஒரு கிளை. 2012-இல் வந்த டிஸ்ஹானர்டு, 2017-இல் வந்த பிரே, 2021-இல் வந்த டெத்லூப் ஆகிய கேம்கள் எல்லாம் இந்த இரண்டு இடங்களிலிருந்து வந்தவை. ரெட்ஃபாலை இயக்கிய ஹார்வி ஸ்மித், ரிக்கார்டோ பேர் இருவரும் இந்த வகை கேம்களில் பழுத்தவர்கள்.

இவர்களுடைய கைத்திறன் எது என்று தெரிய பிரே கேமில் ஒரு சின்ன விஷயத்தைப் பார்த்தால் போதும். அதில் ஒரு பொம்மை வில் வரும். நுரையால் செய்த அம்பு, யாரையும் கொல்லாது. இது எதற்கு என்று தூக்கிப்போடத் தோன்றும். பூட்டிய அறைக்குள் ஒரு கம்ப்யூட்டர் திரை தெரிகிறது, நடுவில் கைகூட நுழையாத இடுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடுக்கு வழியாக நுரை அம்பை விட்டால் அது திரையில் இருக்கும் பொத்தானை அழுத்தும், கதவு திறக்கும். யாரும் சொல்லித் தருவதில்லை. அதே கதவுக்கு வேறு நாலு வழியும் இருக்கும். விண்வெளி நிலையம் ஒன்றுதான் மொத்த இடமும், ஆனால் ஒவ்வொரு மேசை இழுப்பறையிலும் யாரோ வாழ்ந்த தடம் இருக்கும். மயிலாப்பூரில் பழைய வீடு ஒன்றில் நுழைந்த மாதிரி. சின்ன வீடுதான், ஆனால் பரண்வரைக்கும் சாமான்.

அந்தக் கையிலிருந்து ஊர் நிறையக் காலி மனை வந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? முன்பின் தெரியாத ஸ்டூடியோ செய்திருந்தால் 'சுமார்' என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். நிறைய விமர்சனங்களில் கோபத்தைவிட வருத்தம்தான் தூக்கலாகத் தெரிந்தது. நமக்குப் பிடித்த ஒருவர் ஏன் இப்படிச் செய்தார் என்கிற தொனி.

ஐஜிஎன் பிரே கேமுக்கும் 4 கொடுத்ததாமே? அவர்களை எப்படி நம்புவது?

பலருக்குப் பாதி மட்டும் தெரிந்த கதை இது. 2017-இல் பிரே வந்தபோது ஐஜிஎன் விமர்சகரின் கம்ப்யூட்டரில் சேமித்த ஆட்டம் கெட்டுப்போய், மேற்கொண்டு ஆடவே முடியாமல் போனது. ஆடவே முடியாத கேமுக்கு 4 என்று போட்டார். அதைச் சரிசெய்யும் அப்டேட் வந்ததும் ஆடி முடித்து 8 என்று மாற்றினார்கள். அப்போதும் பெரிய சண்டை நடந்தது.

எனக்கு அந்த இரண்டு நான்குகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பிடிக்கும். பிரேவின் 4 ஒரு கம்ப்யூட்டரில் மதர்போர்டு மட்டும் பழுதான மாதிரி, மாற்றிப் போட்டால் ஜம்மென்று ஓடும். ரெட்ஃபாலின் 4 அப்படியில்லை. எந்தப் பாகத்தைக் கழற்றிப் பார்த்தாலும் ஓடத்தான் செய்கிறது, ஆனால் இந்தப் பாகங்களை ஏன் சேர்த்தார்கள் என்றுதான் புரியவில்லை. ஆகவே "மார்க் என்ன?" என்று மட்டும் கேட்காமல், "எதற்காக அந்த மார்க்?" என்று இரண்டு பத்தி படியுங்கள்.

30 எஃப்பிஎஸ் என்று ஒரு பிரச்சினை எழுந்ததே, அது என்ன?

எஃப்பிஎஸ் என்றால் ஒரு நொடிக்குத் திரையில் மாறும் படங்களின் எண்ணிக்கை. 30 என்றால் ஒரு படம் 33 மில்லி நொடி நிற்கும், 60 என்றால் அதில் பாதி. மெதுவான கதை கேமில் 30 போதும். ஓடிக்கொண்டே குறிபார்த்துச் சுடுகிற கேமில் வித்தியாசம் விரலில் தெரியும்.

வெளியாக மூன்று வாரம் இருக்கும்போது, ஏப்ரல் நடுவில், மைக்ரோசாஃப்டின் கேம் கருவியான எக்ஸ்பாக்ஸில் முதல் நாளன்று 30 மட்டும்தான், 60 பிறகு வரும் என்று அறிவித்தார்கள். அதிகச் சக்தி வாய்ந்த கன்சோல் என்று சொல்லி எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸை விற்ற நிறுவனத்தின் சொந்த கேம் இது. சந்தேகம் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. 60 வந்தது 2023 அக்டோபரில்.

தனியாக ஆடினாலும் நெட் வேண்டும் என்கிறார்களே, நிஜமா?

2024 மே மாதக் கடைசிவரை நிஜம். ஒருவர் தனியாக ஆடும்போதும் இணைப்பு கட்டாயம். தனியாக ஆடுபவர் கேமை நிறுத்தி வைக்கக்கூட முடியாது. அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போனால் காட்டேரி காத்திருக்காது.

வெளிநாட்டு விமர்சகர்கள் இதை ஒரு வரியில் குறிப்பிட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் ஊரில் நெட் போகாது போலிருக்கிறது. எங்கள் வேளச்சேரியில் அந்த ஒரு வரிக்கு எடை அதிகம். 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல். கீழ் வீட்டில் முழங்காலுக்குத் தண்ணீர், நாங்கள் மாடியில். லீவுக்கு வந்த அக்கா பையன் எங்களோடு மாட்டிக்கொண்டான். கரண்ட் வர மூன்று நாள் ஆனது, நெட் வர அதற்கு மேலும் ஒரு வாரம். கேபிள் எங்கே அறுந்தது என்றுகூடக் கண்டுபிடிக்க முடியவில்லை.

கரண்ட் வந்த அன்று ராத்திரி பையன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, "மாமா, நெட் இல்லாம எது ஓடும்?" என்றான். பட்டியலை மேலிருந்து கீழே உருட்டினோம். ரெட்ஃபால் நூறு ஜிபிக்கு இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதன்மேல் கிளிக் செய்யக்கூட இல்லை, திறக்காது என்று அவனுக்கே தெரியும். பிரேவைத் திறந்தான். அதே ஸ்டூடியோ, ஆறு வருடம் பழைய கேம், நெட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் ஓடியது. ஒன்பது நாளில் முடித்துவிட்டுத்தான் ஊருக்குப் போனான்.

நாலு பேர் சேர்ந்து ஆடினால் நன்றாக இருக்குமாமே?

நண்பர்களோடு ஆடினால் கேரம் போர்டில் காய் குறைந்தாலும் நன்றாகத்தான் இருக்கும். அந்தப் பாராட்டு நண்பர்களுக்கு உரியது.

சேர்ந்து ஆடுவதற்கென்றே செய்த கேமில் இரண்டு ஓட்டைகள். முன்பின் தெரியாதவர்களோடு சேர்த்துவிடும் வசதி கிடையாது, நாமே ஆளைப் பிடித்து வர வேண்டும். அடுத்தது, கதையில் எவ்வளவு தூரம் போனோம் என்பது ஆட்டத்தைத் தொடங்கி நடத்துபவருக்கு மட்டுமே சேமிப்பாகும். மற்ற மூவருக்கும் அனுபவப் புள்ளியும் துப்பாக்கியும் மிஞ்சும், கதையில் அவர்கள் பழைய இடத்திலேயே நிற்பார்கள். ராத்திரி இரண்டு மணிவரை கூட ஆடிவிட்டு, மறுநாள் சொந்தமாகத் திறந்தால் முதலிலிருந்து.

விமர்சகர்கள் காசு வாங்கிக்கொண்டு எழுதினார்கள், எல்லோரும் பிளேஸ்டேஷன் ஆதரவாளர்கள் என்கிறார்களே?

ஒவ்வொரு படத்துக்கும் இடைவேளையிலேயே கிளம்பும் பேச்சுதான் இது. இதற்கு ஒரு சின்னப் பின்னணி உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ரெட்ஃபாலுக்கு, எக்ஸ்பாக்ஸுக்குப் போட்டியான சோனியின் பிளேஸ்டேஷன் 5-க்கான பதிப்பும் திட்டத்தில் இருந்தது. மைக்ரோசாஃப்ட் வாங்கிய பிறகு அதைக் கைவிட்டார்கள் என்று ஹார்வி ஸ்மித்தே 2023 மார்ச்சில் ஐஜிஎன் பிரான்ஸ் பேட்டியில் சொன்னார். அந்தக் கடுப்பு சிலருக்கு இருந்திருக்கும், ரசிகர் சண்டையில் அது எண்ணெயும் ஊற்றியது.

ஆனால் கோபப்பட்டவர்களில் முதல் வரிசையில் நின்றது எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவர்கள்தான். 2022 முழுக்க அவர்களுக்குச் சொல்லிக்கொள்ளும்படி பெரிய கேம் வரவில்லை. ஸ்டார்ஃபீல்டும் ரெட்ஃபாலும் அந்த வருடமே வர வேண்டியவை, இரண்டையும் 2023-க்குத் தள்ளினார்கள். ஒரு வருடம் காத்திருந்தவன் இலையில் விழுந்தது இது. அவனைப் போய் எதிரணி என்றால் எப்படி?

கேம் நன்றாக வரவில்லை என்று கம்பெனிக்கு முன்பே தெரியாதா?

தெரிந்த அளவு போதவில்லை என்று அவர்களே சொன்னார்கள். வெளியான இரண்டே நாளில், மே 4 அன்று, அப்போதைய எக்ஸ்பாக்ஸ் தலைவர் ஃபில் ஸ்பென்சர் ஒரு பாட்காஸ்டில் உட்கார்ந்து நேரடியாகப் பேசினார். அந்தப் பதவியில் இருப்பவர்கள் வழக்கமாக எழுதிக் கொடுத்த அறிக்கையோடு நிறுத்திக்கொள்வார்கள். இவர் முகம் வாடித்தான் இருந்தது. ரசிகர்களை ஏமாற்றியதில் தனக்குத் தன்மேலேயே வருத்தம் என்றார்.

அதில் கவனிக்க வேண்டியது ஒன்று. வெளியாகும் முன் நிறுவனங்கள் சில ஆட்களை வைத்து மாதிரி விமர்சனம் எழுதி வாங்குவார்கள், எத்தனை மார்க் வரும் என்று கணிக்க. பள்ளியில் ரிவிஷன் டெஸ்ட் வைப்பதுபோல. ரெட்ஃபாலுக்கு அந்தக் கணிப்பு வந்ததைவிடப் பத்து மார்க்குக்கும் மேலே இருந்ததாம். ரிவிஷனில் அறுபத்தைந்துக்கு மேல் காட்டிய பையன் பரீட்சையில் ஐம்பத்தைந்தோடு வந்து நிற்கிறான். யார் திருத்தினார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

இன்னும் ஆறு மாதம் தள்ளிப்போட்டிருந்தால் சரியாகியிருக்குமா?

ஏற்கெனவே ஒரு முறை தள்ளிப்போட்டுத்தான் வந்தது. ஸ்பென்சர் அதே பேட்டியில் இதற்கும் பதில் சொன்னார்: தள்ளிப்போடுவதால் பிழை குறையும், ஆனால் ஆடுபவருக்குக் கொடுக்க நினைத்த அனுபவமே கைகூடவில்லை என்றால் கூடுதல் நாள் கொடுத்துப் பயனில்லை என்ற பொருளில். விமர்சகர்கள் சொன்னதும் இதேதான். குற்றம் சாட்டப்பட்டவரும் சாட்டியவரும் ஒரே வாக்குமூலம் கொடுத்த வழக்கு இது.

அப்படியானால் தவறு எங்கே நடந்தது?

2023 ஜூன் தொடக்கத்தில் ப்ளூம்பெர்க் செய்தித் தளத்தில் ஜேசன் ஷ்ரையர் என்ற பத்திரிகையாளர் எழுதிய கட்டுரை வந்தபிறகுதான் எனக்கு முழுப் படம் கிடைத்தது. அதன்படி வேலை தொடங்கியது 2018 வாக்கில். அப்போது செனிமேக்ஸ் தன் ஸ்டூடியோக்களிடம், ஒரு முறை விற்றதோடு நிற்காமல் தொடர்ந்து காசு வரும்படியான கேம்களைக் கேட்டுக்கொண்டிருந்தது. தனியாள் கேம்களில் கைதேர்ந்த ஆர்கேன் ஆஸ்டின் பலர் சேர்ந்து ஆடும் கேமைக் கையில் எடுத்தது இப்படித்தான். கேமுக்குள்ளேயே பொருள் விற்கும் திட்டம்கூட இருந்து, 2021-இல் கைவிடப்பட்டதாம்.

ஸ்டூடியோவில் நூறு பேர்கூட இல்லை. பிரே மாதிரி கேம்களைச் செய்வதற்காகவே அங்கே சேர்ந்தவர்களுக்கு இந்த வேலையில் மனம் ஒட்டவில்லை. பிரேவில் வேலை பார்த்தவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் ரெட்ஃபால் முடிவதற்குள் கிளம்பிவிட்டார்கள். புதிதாக ஆள் எடுப்பதிலும் சிக்கல். இந்த வகை கேம் செய்ய விரும்புபவர்கள் ஆர்கேனைத் தேடி வருவதில்லை, ஆர்கேனைத் தேடி வருபவர்கள் இந்த வகை கேம் செய்ய விரும்புவதில்லை. மைக்ரோசாஃப்ட் வாங்கியதும், இதை ரத்து செய்துவிடுவார்கள் அல்லது தனியாள் கேமாக மாற்றச் சொல்வார்கள் என்று உள்ளே சிலர் நம்பிக்கொண்டிருந்தார்கள் என்றும் அந்தக் கட்டுரை சொல்கிறது. தான் செய்கிற கேமை யாராவது நிறுத்திவிட மாட்டார்களா என்று எதிர்பார்த்துக்கொண்டே தினம் வேலைக்குப் போவது எப்படி இருந்திருக்கும்?

நல்ல தச்சரிடம் போய் ஃபைபர் நாற்காலி ஐந்நூறு வேண்டும் என்று கேட்ட கதை. என் கடைக்கு எதிரே தோசைக்குப் பேர்போன ஒரு கையேந்தி பவன் இருந்தது. பக்கத்தில் ஷவர்மா கடை வந்ததும் இவரும் ஷவர்மா போட்டார். தோசை மாஸ்டர் இரண்டு மாதத்தில் வேறு கடைக்குப் போய்விட்டார்.

யாருமே எதையுமே பாராட்டவில்லையா?

பாராட்டினார்கள். கட்டை பாய்ச்சும் துப்பாக்கி பலருக்குப் பிடித்தது. உறைந்து நிற்கும் கடல் அலைகளும், கருத்துப்போன சூரியனும், காட்டேரிக் கூடுகளுக்குள் நுழையும்போது மாறும் சூழலும் ஓவியர்களின் வேலை எங்கும் குறையவில்லை என்று காட்டின. சில வீடுகளுக்குள் போனால் பழைய ஆர்கேன் எட்டிப் பார்க்கும் என்று எழுதியவர்கள் உண்டு. அந்த வரிகள்தான் படிக்க மிகவும் கஷ்டமாக இருந்தன.

அப்டேட்களுக்குப் பிறகு எப்படி?

2023 அக்டோபர் அப்டேட்டில் 60 எஃப்பிஎஸ் வந்தது என்றேன். அதோடு, எதிரியின் பின்னால் பதுங்கிப் போய்ச் சத்தமில்லாமல் வீழ்த்தும் வசதியும் வந்தது. மறுபடி படியுங்கள்: பதுங்கிப் போவதிலேயே பேர் வாங்கிய ஸ்டூடியோவின் கேமில், பதுங்கிப் போய் வீழ்த்தும் வசதி ஐந்து மாதம் கழித்து அப்டேட்டில் வந்தது.

கடைசி அப்டேட் 2024 மே இறுதியில். அதில்தான் நெட் இல்லாமல் ஆடும் வசதியும், தனியாக ஆடும்போது நிறுத்தி வைக்கும் வசதியும் வந்தன. காலி ஊர் காலி ஊராகவே இருக்கிறது, ஆனால் நம் வசதிக்குச் சுற்றிப் பார்க்கலாம்.

சைபர்பங்க் 2077 என்ற கேம் முதலில் திட்டு வாங்கிப் பிறகு எழுந்து வந்ததே, இது ஏன் வரவில்லை?

சைபர்பங்க் 2020 டிசம்பரில் வந்தபோது நிலைமை இதைவிடக் கேவலம், ஒரே வாரத்தில் சோனி தன் கடையிலிருந்தே தூக்கிவிட்டது. ஆனால் அதற்குள் ஒரு நல்ல கேம் இருக்கிறது என்பதை அன்றே விமர்சகர்கள் எழுதினார்கள். மேலே படிந்த பிழையைச் சுரண்ட மூன்று வருடமும் பணமும் பொறுமையும் அந்த நிறுவனத்திடம் இருந்தன. ரெட்ஃபாலுக்குச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே என்ன இருந்தது என்பதும் கேள்வி, சுரண்ட ஆள் இருந்தார்களா என்பதும் கேள்வி.

மோசமான விமர்சனத்தால்தான் ஸ்டூடியோவை மூடினார்களா?

2024 மே 7 அன்று, கேமுக்கு ஒரு வயது முடிந்து ஐந்தாவது நாள், ஆர்கேன் ஆஸ்டினை மூடுவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. விமர்சனம்தான் கொன்றது என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அதே நாளில், அதே அறிவிப்பில், ஜப்பானின் டேங்கோ கேம்வொர்க்ஸ் ஸ்டூடியோவையும் மூடினார்களே, அது ஏன்? அவர்களுடைய ஹை-ஃபை ரஷ் அதற்கு முந்தைய வருடம் எல்லோரும் கொண்டாடிய கேம். திட்டு வாங்கியவருக்கும் மாலை வாங்கியவருக்கும் ஒரே கவரில் சீட்டு கிழிந்தது. டேங்கோவைப் பிறகு கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் எடுத்துக்கொண்டது. ஆஸ்டினுக்கு அப்படி யாரும் வரவில்லை. லியோனில் இருக்கும் மூத்த ஸ்டூடியோ தனி, அதை அன்று மூடவில்லை.

விமர்சகர்மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை. காய்ச்சல் 104 என்று காட்டியதற்காகத் தெர்மாமீட்டரை உடைத்த மாதிரி ஆகிவிடும்.

கூடுதல் காசு கொடுத்துப் பெரிய பதிப்பு வாங்கியவர்கள் கதி?

அதில் இரண்டு புதிய நாயகர்கள் வருவார்கள் என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். வரவில்லை. அந்தக் கூடுதல் தொகைக்கு ஈடு தருவதாக மூடும்போது பெதஸ்டா அறிவித்தது. பொதுவாகச் சொல்கிறேன்: இன்னும் வராத நாயகனுக்கு இன்றைக்கே காசு கொடுக்காதீர்கள். ஸ்டீமில் வாங்கினால் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கேட்கலாம் என்பதும் ஞாபகம் இருக்கட்டும். முதல் இரண்டு மணி நேரத்தில் ஊர் காலி என்பது தெரிந்துவிடும்.

என் பையனுக்கு 13 வயது. வாங்கித் தரலாமா?

வேண்டாம் சார். அமெரிக்கத் தர முத்திரையில் இது 17 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. ரத்தம் அதிகம்.

இப்போது விளையாடலாமா?

முழு விலைக்கு வேண்டாம். ஏற்கெனவே மைக்ரோசாஃப்டின் கேம் பாஸ் சந்தா இருந்து, கூட ஆட இரண்டு நண்பர்களும் இருந்தால் ஒரு சனிக்கிழமைக்குத் தாங்கும். ஆர்கேன் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் இதில் தொடங்காதீர்கள், பிரேவில் தொடங்குங்கள். கார்டும் அவ்வளவு பெரிதாக வேண்டாம், பழைய கார்டிலேயே ஓடும். (வியாபாரத்துக்கு எதிராகப் பேசுகிறேன் என்று என் முதலாளி இதைப் படித்தால் திட்டுவார்.)

உங்கள் கம்ப்யூட்டரில் இன்னும் வைத்திருக்கிறீர்களா?

புயல் முடிந்து நெட் வந்த அன்றே அழித்துவிட்டேன், நூறு ஜிபி சும்மா கிடக்க வேண்டாம் என்று. கடைசி அப்டேட் வந்ததும் மறுபடி ஏற்றினேன். 2024 ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டுத் திறந்து பார்த்தேன், திறந்தது. கடற்கரைப் பக்கம் நடந்துபோய் அந்த அலைச் சுவருக்குக் கீழே நின்றேன். சாப்பிடக் கூப்பிட்டார்கள். நிறுத்தி வைத்துவிட்டு எழுந்து போனேன், அதுவும் வேலை செய்தது.